ராஜாவின் கழுத்தில் இருந்த நூல்

அன்புள்ள கமால் மச்சானுக்கு,

முதலில் உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத்தான் மற்ற சேதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகையக் கலைச்சுராத மாப்ள" என்றாயே, அதோடு இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உன் வாயில் இருந்த முத்தா உதிர்ந்து போயிருக்கும்? அடுத்து எந்தக் காய், எந்தக் கட்டம், அவ்வளவுதானே? அதைச் சொல்லாமல் போனாயே, அதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?

நீ சொல்லமாட்டாய். அறுபத்தெட்டாம் வருஷம் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் இருந்த உன் வாடகை சைக்கிள் கடைக்கு நான் பஞ்சர் ஒட்ட வந்த நாளிலிருந்து அதுதானே உன் வழக்கம். காற்றடிக்கிற பம்புக்குப் பக்கத்தில் சதுரங்கப் பலகையைப் போட்டு, காய்களை ஏதோ ஒரு சிக்கலில் நிறுத்தி வைத்திருப்பாய். தச்சுப் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் நான் இறங்கி, பசியையும் மறந்து தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்பேன். விடை என்னடா என்று கேட்டால், "சொல்லிக் குடுக்குறது வாத்தியார் வேல. நீயே பாரு மாப்ள" என்று சொல்லிவிட்டுச் செயினுக்கு எண்ணெய் விடப் போய்விடுவாய். கோபித்துக்கொண்டு போவேன். மறுநாள் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பேன்.

இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன். ஊரறியத்தானே உன்னைப் பேசினார்கள்? கமாலுக்குக் கடைசியில் புத்தி பேதலித்துவிட்டது, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, தேவகோட்டை ஆட்டத்தில் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தான் பாருங்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தவன் நான். எதிர்த்துப் பேச என்னிடம் பதில் இல்லை. அதுதான் கொடுமை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை நம் காரைக்குடிக்காரர்களும் தேவகோட்டைக்காரர்களும் அவர்களுடைய படிப்பகத்தில் உட்கார்ந்து ஆடுவது நாட்டு ஆட்டம். மதராஸில் புத்தகம் பார்த்து ஆடுகிற ஆட்டத்துக்கும் நம் ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நம் ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். ஆனால் அதுவரை அது செக் வாங்கியிருக்கக் கூடாது. பாய்ச்சல் இன்னும் பாக்கி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ராஜாவின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைப்போம். யாராவது செக் சொன்ன மாத்திரத்தில் அந்த நூலை அவிழ்த்துவிட வேண்டும். அந்தச் செக்கிலிருந்து தப்பிக்கவும் பாயக் கூடாது. பாய்ச்சல் போனது போனதுதான்.

உனக்கு எதிரே உட்கார்ந்தது தேவகோட்டை டிராயிங் மாஸ்டர் சபாபதி. அவர் ஆட்டம் நமக்குத் தெரியாததா? ராஜாவை மூலையில் கொண்டுபோய் வைத்து, சுற்றிலும் தன் காய்களையே காவலுக்கு நிறுத்திவிடுவார். கடைசிவரை செக் வாங்கமாட்டார். நூலும் கழுத்திலேயே இருக்கும். நெருக்கினால் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிடுவார். "மாஸ்டர் ராஜாவுக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருக்குடா" என்று நீதான் கேலி பண்ணுவாய்.

அன்றைக்கு உனக்குக் காலையிலிருந்தே உடம்பு சரியில்லை. பஸ்ஸில் வரும்போதே துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாய். சாயங்காலம் ஆட்டம் முற்றிய நேரத்தில், உன் யானையை நகர்த்தி அவருடைய மந்திரியின் வாயில் வைத்தாய். மந்திரி என்றால் எட்டுத் திக்கும் ஓடுகிற பெரிய காய். அது ஓடிவந்து உன் யானையை எடுத்தது. உன் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம். பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்? உடம்பு முடியாமல் தப்பாக வைத்துவிட்டான் என்றுதானே? அதற்குள் உனக்குக் குளிர் கண்டு பல் தந்தியடிக்கத் தொடங்கிவிட்டது. மீதியை அடுத்த வாரம் பார்ப்போம் என்று, காய்கள் இருந்தது இருந்தபடி, பலகை மேல் கூடையைக் கவிழ்த்தார்கள். உன்னை நான் கைத்தாங்கலாக பஸ் ஏற்றினேன்.

அடுத்த வாரம் உனக்கு வரவில்லை.

விஷக்காய்ச்சல் என்றார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஒரு நேரம் தெளிவாகப் பேசினாய், ஒரு நேரம் பிதற்றினாய். அந்தத் தெளிவான ஒரு நேரத்தில்தான், உன் அண்ணன் மைதீனும் உன் மனைவி நூருவும் கட்டில் பக்கத்தில் இருக்கும்போது, "கடைய நூருதான் நடத்தணும்" என்று சொன்னாய். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். உன் மய்யித்தைத் தோளில் சுமந்துகொண்டு நானும் வந்தேன். மண் போட்டேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

அதற்குப் பிறகு தொடங்கியது. நூருவுக்குச் சைக்கிள் கடையின் வரவு செலவெல்லாம் அத்துப்படி. நீ சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிற நாட்களில் வீட்டுக்குள்ளிருந்தே கடைப்பையன் செல்லையாவிடம் ஆள் விட்டு நடத்தியவள்தான். ஆனாலும் ஒரு பெண் கல்லுக்கட்டியில், கடைத்தெருவில் உட்கார்ந்து சைக்கிள் வாடகைக்கு விடுவதா என்று உன் அண்ணன் ஒப்பவில்லை. கடையைத் தானே எடுத்து நடத்தி, நூருவுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிவாசல் ஜமாத்தில் சொன்னார். பொய் சொல்லவில்லை மச்சான், அவர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் நீ சொன்னது அதுவல்லவே?

நீ சொன்னதைச் சொன்னபோது ஜமாத்துப் பெரியவர்கள், "அவன் தெளிவாச் சொன்னானா?" என்று கேட்டார்கள். அதற்கு மைதீன் அண்ணன் சொன்ன பதில்தான் ஊரெல்லாம் பரவியது. "அதுக்கு ஒரு வாரம் முந்தியே அவன் நெதானத்துல இல்ல. யானையச் சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்தான். தேவகோட்டையே பாத்துச்சு." முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பிறகு என்று தள்ளி வைத்தார்கள்.

படிப்பகத்திலிருந்தும் ஆள் வந்தது. பாதியில் நிற்கிற ஆட்டத்தை இறந்தவனுக்காக அவன் பக்கத்து ஆள் ஒருவன் உட்கார்ந்து முடிக்கலாம், இல்லையென்றால் இரண்டு ஊரும் பேசி சமம் என்று எழுதிவிடலாம், வருகிற ஞாயிறோடு கூடையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

உன் பலகையிலேயே காய்களை அப்படியே அடுக்கி வைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தேன். வேலையே ஓடவில்லை, இழைப்புளி துருப்பிடிக்காத குறைதான். அவருடைய ராஜா மூலையில். அதற்கு முன்னால் ஒரு சிப்பாய். சாய்வாக, மூலைக்கட்டில் ஒரு குதிரை. பக்கவாட்டில் ஒரே ஒரு கட்டம் காலி, அதை ஒட்டி ஒரு யானை. நம் பக்கத்தில் மிச்சம் இருந்ததில் உருப்படியானது இரண்டே. அவர்கள் கோட்டைக்குள் புகுந்து நிற்கிற உன் குதிரை. தூரத்திலிருந்து மூலைக்கட்டாக அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற உன் மந்திரி.

அடுத்த நகர்த்தலில் அவர் நம் ராஜாவை முடித்துவிடுவார். ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு மூச்சுக்கான நேரம். குதிரையை உள்ளே விட்டு செக் சொன்னால் அவர் யானை அதைத் தின்றுவிடும். மந்திரியை இன்னும் நெருக்கிக் கொண்டுபோனால், அந்த இடைவெளியில் ராஜா வெளியே பாய்ந்துவிடும். பாயக்கூடிய இரண்டு கட்டத்தையும் எப்படி அடைப்பது, எப்படி அடைப்பது என்று மண்டை காய்ந்தது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்ளும். இரண்டையும் அடைக்க நேரமில்லை.

உண்மையைச் சொல்கிறேன். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கை நடுங்கியதே, தப்பாகத்தான் வைத்துவிட்டாயோ?

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் முன் உன் வீட்டுக்குப் போனேன். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தா நாட்கள் என்பதால், நூரு கதவுக்கு உள்ளே நின்று பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? எனக்கு ஆட்டமெல்லாம் தெரியாது. அந்த யானைய அவுக புத்தியோடதானே குடுத்தாக?"

ஆமாம் தங்கச்சி என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் வாய் வரவில்லை. "தெரியலம்மா. இன்னும் புடிபடல" என்றேன்.

பிறகு சொன்னாள்: "போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இல்லேன்னாலும் இல்லேன்னே சொல்லுங்க. கடைய விடுங்கண்ணே, அது போனாப் போகுது. கடைசியா எங்கிட்டப் பேசுனது அவுகதானா, காய்ச்சலான்னு எனக்குத் தெரியணும்."

இப்படி ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன் மச்சான். ஏறினால் உள்ளே உன் அண்ணன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். ஊர் எல்லை தாண்டியதும் பேச்சை எடுத்தார்.

"தங்கராசு," என்றார், "நான் என்னமோ கடைய முழுங்க வந்தவன்னு நெனைக்கிறீக எல்லாரும். எந்தம்பி பொஞ்சாதி தெருவுல நின்னு நாலு பேருகிட்ட வாடக வாங்கணுமாப்பா? அத நான் கண்ணால பாக்கணுமா?"

"அவன் சொன்னது அதத்தானே அண்ணே?"

"சொன்னது அவன்னா நான் தலையால செய்வேன். அந்தக் காய்ச்சல் சொன்னதுக்கு நான் என்னப்பா செய்ய?"

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இருவரும் ஒரே கேள்வியைத்தான் தேவகோட்டைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்று அப்போது புரிந்தது. இதற்குப் பிறகு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

படிப்பகத்தில் நிற்க இடமில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் கூடியிருந்தார்கள். நடுவராக இருந்த செட்டியார் கூடையை எடுத்ததும், யாரோ மூலையில் பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரை அணைத்தார்கள். உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே மின்விசிறி ஓடியும் எனக்கு வேர்த்தது. காய்கள் மேல் லேசாகத் தூசி படிந்திருந்தது.

மாஸ்டர் நல்ல மனிதர். உட்கார்ந்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"தங்கராசு, தப்பா எடுத்துக்காதீக. இது ஆடி முடிக்கிற ஆட்டமில்ல. கமால் அன்னைக்கு ஒடம்பு முடியாம வச்ச காய். அதுல நான் செயிச்சா எனக்கும் மரியாத இல்ல. சமம்னு எழுதிருவோம். அவர் பேருக்கு ஒரு கௌரவமா இருக்கட்டும்."

கூட்டத்தில் சரி, சரி என்று பல குரல். பின்னாலிருந்து மைதீன் அண்ணனும், "ஒத்துக்கப்பா. பெரிய மனசு பண்ணிச் சொல்றாக" என்றார்.

என்ன செய்வேன், சொல்! சமம் என்று கையெழுத்துப் போட்டால் உன் பேர் தோற்காது. ஆனால் அந்த யானை காய்ச்சலில் கொடுத்த யானையாகவே எழுதப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை ஜமாத்தில் அதுவே சாட்சி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடை தெரியாமல் தோற்றால், அதைவிடக் கேவலம். "கொஞ்சம் பாத்துக்கிறேன் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். "நல்லாப் பாருங்க" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

பார்த்தேன். அப்போதுதான் அவர் ராஜாவின் கழுத்தில் அந்தச் சிவப்பு நூல் கண்ணில் பட்டது.

மச்சான், நான் செய்த மடத்தனம் என்ன தெரியுமா? நூல் கட்டுவது போட்டி ஆட்டத்தில் மட்டும்தான். பட்டறையில் அடுக்கி வைத்த பலகையில் ராஜா வெறுங்கழுத்தோடு நின்றது. பாய்ச்சல் இருக்கிறது, இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அந்தக் கட்டத்தை அடைக்கவும் இந்தக் கட்டத்தை அடைக்கவும் ஓடிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் பாய்ச்சலையே பிடுங்குவது எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நூலைப் பார்த்ததும் கேள்வி மாறியது. கட்டத்தை அடைக்க வேண்டாம். நூலை அவிழ்க்க வேண்டும். அதற்கு ஒரு செக் வேண்டும். குதிரையால் சொன்னால் யானை தின்றுவிடும். வேறு யார் சொல்ல முடியும்?

மந்திரி.

மந்திரியை ராஜாவின் தோளோடு தோளாக, அந்தக் காலிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தால்? அது செத்துப்போகுமே! இத்தனை நாள் என் கண் அந்தக் கட்டத்தை எத்தனை முறை கடந்து போயிருக்கும்? யானை போன பிறகு மந்திரியையும் கொடுப்பவன் உண்டா என்று மனசு அங்கே நிற்கவே இல்லை. இப்போது நின்றது. ராஜா அந்த மந்திரியை எடுக்க முடியாது, உன் குதிரை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யானைதான் எடுத்தாக வேண்டும். எடுக்க யானை நகர்ந்தால் குதிரை போக வேண்டிய கட்டத்துக்குக் காவல் இல்லை. அந்தக் கட்டத்துக்கு இன்னொரு காவலும் இருந்ததே, அவருடைய மந்திரி?

அது எங்கே இருந்தது? உன் யானையைத் தின்பதற்காகப் பலகையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. நீ அனுப்பிய இடத்துக்கு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். "மன்னிக்கணும் மாஸ்டர், ஆடிருவோம்" என்று சொல்லி மந்திரியை எடுத்து அங்கே வைத்தேன். "செக்."

கூட்டம் இரைந்தது. "யானை போதாதுன்னு மந்திரியுமா?" என்று யாரோ சிரித்தார்கள். மைதீன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். செட்டியார் மட்டும், "நூல அவுருங்க மாஸ்டர்" என்றார்.

ரொம்ப நாளாகக் கட்டியே இருந்ததால் முடிச்சு இறுகிப்போயிருந்தது. மாஸ்டர் நகத்தால் நெம்பி நெம்பிப் பார்த்தார். பாதி அவிழ்த்திருக்கும்போது அவர் விரல் நின்றுவிட்டது. பலகையைப் பார்த்தார். அந்தக் கோடியில் நிற்கிற தன் மந்திரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக நூலை முழுவதும் அவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு, யானையால் என் மந்திரியை எடுத்தார். வேறு வழியில்லை அவருக்கு.

இனி குதிரை. கையை அதன் மேல் வைத்தேன். நகர்த்த மனம் வரவில்லை மச்சான். அது நகர்ந்தால் உன் ஆட்டம் முடிந்துவிடுமே? அதற்கு மேல் உன்னுடையது என்று இந்த உலகத்தில் ஆட என்ன இருக்கிறது? "மாப்ள, என்ன தூங்கிட்டியா?" என்று நீ கேட்பதாகவே இருந்தது. நகர்த்தினேன்.

மறுபடி செக். அவர் காவலுக்கு நிறுத்திய காய்களே ராஜாவைச் சுற்றிச் சுவராக நின்றன. முன்னால் சிப்பாய், மூலைக்கட்டாகக் குதிரை, பக்கத்தில் இப்போதுதான் வந்து நின்ற அவருடைய சொந்த யானை. நூல் இல்லாத ராஜா எங்கே பாயும்?

ஆட்டம் முடிந்தது. மாஸ்டர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "இது இவர் இன்னைக்குப் பாத்ததில்ல. அன்னைக்கு அந்த யானைய வைக்கும்போதே கமால் கடைசிவரைக்கும் பாத்திருக்கார். என் மந்திரிய அங்குட்டு இழுக்குறதுக்குத்தான் அந்த யானை. கை நடுங்கிச்சு, வாஸ்தவம். புத்தி நடுங்கல. நான் இத எங்க வேணாலும் வந்து சொல்றேன்." சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த நூலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நீங்களே வச்சுக்கங்க. என் கையால அவுத்தது இதுதான் மொதல் தடவ."

காரைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மைதீன் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "நீ போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய் வராது." விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு உன் வீட்டு வாசலில் நின்றேன். கதவுக்குப் பின்னால் நூரு வந்து நின்றது தெரிந்தது.

"புத்தியோடதான் குடுத்தான் தங்கச்சி. சுத்தமான புத்தியோட."

கதவின் ஓரத்தை விரல்கள் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. பிறகு, "அப்ப எங்கிட்டப் பேசுனது அவுகதான்" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. நூலை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெரியவர்கள் வாயைத் திறக்கும் முன்பே உன் அண்ணன் எழுந்து, "எந்தம்பி தெளிவாத்தான் சொன்னான். நாந்தான் நெதானத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அவரைப் போல இன்னொரு மனிதரைக் காட்டு பார்க்கலாம்.

இனி புதுச் சேதி. நூருவின் இத்தா முடிந்துவிட்டது. நாளைக்குக் கடையைத் திறக்கிறாள். செல்லையா எல்லாச் சைக்கிளையும் துடைத்து, பெல் அடிக்காததற்கெல்லாம் பெல் மாற்றி வைத்திருக்கிறான். பூட்டைத் திறந்து சாவியை நூருவிடம் கொடுக்கப் போவது மைதீன் அண்ணன்தான். கடைக்கு ஒரு மேஜை செய்து கொடுக்கச் சொல்லி என்னிடம் அவர்தான் கேட்டார். "முன்னால ஒரு மறைப்பு வச்சுரு தங்கராசு, அந்தப் புள்ளைக்குக் கூச்சமில்லாம இருக்கும்" என்றார். நூருவிடம் அளவு கேட்கப் போனபோது, "மறைப்பு வேணாம்ண்ணே. பக்கத்துல பலகை வைக்க மட்டும் எடம் விடுங்க" என்றாள். விட்டிருக்கிறேன். தேக்கு. காசு வாங்கவில்லை, சண்டைக்கு வராதே.

இன்றைக்கு மத்தியானம் மேஜையைக் கொண்டுபோய் இறக்கினேன். பம்புக்குப் பக்கத்தில் உன் பலகை. அதில் காய்கள் அடுக்கியிருந்தன. நீ யானையைக் கொடுப்பதற்கு முந்தைய நிலை. செல்லையாவிடம் காய்களின் பேரும் நடையும் கேட்டுக் கேட்டு, எந்தக் காய் எங்கே நின்றது என்று இத்தா நாட்களில் நான் கதவுக்கு வெளியே நின்று சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து அடுக்கியிருக்கிறாள். ஒரு சிப்பாய் மட்டும் கட்டம் மாறி இருந்தது. மாஸ்டருடைய ராஜாவின் கழுத்தில் அதே சிவப்பு நூல். அவளே கட்டியிருக்கிறாள்.

"இங்கிருந்து அவுக எப்படிண்ணே அம்புட்டுத் தூரம் பாத்தாக? மொதல்ல எத நெனச்சிருப்பாக? எனக்குச் சொல்லித் தாங்க" என்றாள்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது மச்சான். குதிரையில் தொடங்கி, மந்திரி, யானை என்று பின்னாலிருந்து முன்னால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நீ ஏன் சொல்லவில்லை என்று விளங்கியது. நீ சொல்லியிருந்தால் நான் காயை நகர்த்தியிருப்பேன், அவ்வளவுதான். நீ பார்த்ததை நான் பார்த்திருக்க மாட்டேன். நான் பார்க்காமல் நூருவின் முன்னால் போய் நின்று, புத்தியோடதான் குடுத்தான் என்று சத்தியமாகச் சொல்லியிருக்கவும் முடியாது. என் மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கையாடா?

கட்டம் மாறி நின்ற சிப்பாயை மட்டும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். "நீயே பாரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு ஆணி அடிக்கக் குனிந்துகொண்டேன். அவள் முறைத்தது எனக்குத் தெரியும்.

சண்டை தீர்ந்தது. இனி என் வாக்கு. அவள் கேட்டாலும், கெஞ்சினாலும், கோபித்துக்கொண்டு பலகையைத் திருப்பி வைத்தாலும் விடையை நான் சொல்லமாட்டேன். பட்டறை முடிந்து தினம் வருவேன். அவளாகக் கண்டுபிடித்து அந்த நூலை அவிழ்க்கிற நாள் வரை பக்கத்தில் நிற்பேன். அதுவரை பலகையை யாரும் கலைக்க விடமாட்டேன்.

என்றைக்கும் உன் மாப்பிள்ளை,
நூருவின் அண்ணன்,
தங்கராசு